கோல்கொண்டா தரும் சீனப் பாடம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஐதராபாத்வாசிகளான நாம் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்கள் நமக்கே மனப்பாடம். சார்மினார், சாலார்ஜங் மியூசியம், பிர்லா மந்திர், அப்புறம் கோல்கொண்டா. ரயில்வே வேலையாகச் செகந்திராபாத்துக்கு வந்து இங்கேயே வேர் பிடித்துவிட்ட நான், அந்தக் கோட்டைக்கு எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் அதே காட்சிதான். வாயில் மண்டபத்தின் கவிகைக்குக் கீழே நின்று வழிகாட்டி கை தட்டுவார். அந்த ஓசை சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி, மலை உச்சியிலுள்ள பாலா ஹிசாரில் நிற்பவர் காதில் விழும். வந்தவர்கள் வியப்பார்கள். பத்ராசலம் ராமதாசர் சிறையிருந்த அறையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டே வீடு திரும்புவோம்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து வந்த என் பேரன் மட்டும் அப்படித் திரும்பவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவன். "எட்டு மாதம் முற்றுகை போட்டும் இந்தக் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு துரோகி கதவைத் திறந்துவிட்டான்" என்று வழிகாட்டி சொல்லி முடித்ததும், என் பக்கம் திரும்பி, "அப்போ எட்டு மாசம் பீரங்கி வச்சு சுட்டதெல்லாம் எதுக்கு தாத்தா?" என்று கேட்டான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸ் நடைபாதைக் கடையில் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி, பாதியில் வைத்துவிட்ட புத்தகம் அது. சுன் ட்சூ என்ற சீனர் எழுதியதாகச் சொல்லப்படும் 'போர்க்கலை'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதை முழுவதும் படித்த பிறகு பேரனின் கேள்விக்கு மட்டுமல்லாமல், என் சொந்த வாழ்க்கைக் கேள்வி ஒன்றுக்கும் விடை கிடைத்தது. அதைச் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுன் ட்சூ யார்?

சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன், சீனா பல சிற்றரசுகளாகப் பிரிந்து ஓயாது சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம். அப்போது 'ஊ' என்ற நாட்டு அரசரிடம் தளபதியாக இருந்தவர் சுன் ட்சூ என்பது மரபுவழிச் செய்தி. அவர் பெயரில் வழங்கும் நூல் மிகச் சிறியது. நம் குறளுக்கு அதிகாரங்கள் 133 என்றால், இதற்கு 13 தான். 1772-ல் அமியோ என்ற கிறித்துவப் பாதிரியார் இதைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட பிறகே ஐரோப்பியர் இதை அறிந்தனர். சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1972-ல், சீனாவின் ஷான்டோங் மாநிலத்தில் ஒரு பழைய கல்லறையைத் தோண்டியபோது மூங்கில் பட்டைகளில் எழுதிய இதே நூலின் பகுதிகள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்தவை அவை. நம் ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொண்டேன்.

போர் பற்றிய நூல் என்றதும் வாளும் வேலும் என்று எண்ணிவிடக் கூடாது. படிக்கப் படிக்க, இது ஏதோ எஸ்டிமேட் போடும் இன்ஜினீயர் எழுதியது போல் எனக்குத் தோன்றியது. ஆயிரம் ரதம் புறப்பட்டால் நாளொன்றுக்கு என்ன செலவு? தூரத்திலிருந்து தானியம் கொண்டுபோனால் வழியில் எவ்வளவு கரையும்? இப்படித்தான் அவர் கேட்கிறார். எதிரி நாட்டில் கிடைக்கும் ஒரு வண்டி தானியம், நம் நாட்டிலிருந்து கொண்டுபோகும் இருபது வண்டிக்குச் சமம் என்பது அவர் கணக்கு. நீண்ட போரால் நன்மை அடைந்த நாடு எதுவுமில்லை என்பது அவர் முடிவு.

போர் வழிகளையும் அவர் தரவாரியாக வரிசைப்படுத்துகிறார். எதிரியின் திட்டத்தையே முறியடிப்பது முதல் தரம். அவனுக்குத் துணை சேராமல் செய்வது இரண்டாவது. களத்தில் மோதுவது மூன்றாவது. மதில் சூழ்ந்த நகரத்தை முற்றுகையிடுவது கடைசி. வேறு வழியே இல்லாதபோது மட்டும். ஏன்? முற்றுகைக் கருவிகள் செய்ய மூன்று மாதம், மதிலுக்கு எதிரே மண்மேடு எழுப்ப இன்னும் மூன்று மாதம். பொறுமையிழந்த தளபதி வீரர்களை எறும்புபோல் சுவரில் ஏறவிட்டால், மூன்றில் ஒரு பங்கு மாண்டும் கோட்டை அப்படியே நிற்கும் என்று காரணம் காட்டுகிறார்.

இதைப் படித்ததும் என் கண்முன் நின்றது கோல்கொண்டாதான்.

கல்லும் கணக்கும்

கோல்கொண்டாவைக் கட்டியவர்கள் வெறும் கொத்தனார்கள் அல்லர். காகதீயர் காலத்து மண்கோட்டையைக் குதுப் ஷாஹி மன்னர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கற்கோட்டையாக்கினர். சுமார் 400 அடி உயரமுள்ள கருங்கல் மலை, அதைச் சுற்றி ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிமதில், 87 கொத்தளங்கள், 8 வாயில்கள். கதவுகளில் யானை முட்டாதபடி இரும்பு முட்கள். பாலா ஹிசார் வாயிலுக்கு நேர் எதிரே ஒரு மறைப்புச் சுவர்; யானை ஓடிவந்து மோத இடமே கிடையாது. சுட்ட மண்குழாய்கள் வழியாகத் தண்ணீர் வந்து, ஏற்றச் சக்கரங்களால் அடுக்கடுக்காக மேலே ஏறியது. இரும்புப் பைப்பும் மோட்டாரும் இல்லாத காலத்தில் மலை உச்சிவரை நீர் கொண்டுபோன அந்த வேலையைப் பார்த்து, வாட்டர் சப்ளை லைன் போட்டு அவதிப்பட்டவன் என்ற முறையில் நான் தலை வணங்கியிருக்கிறேன்.

இந்தக் கோட்டைக்கு எதிரே ஔரங்கசீப் இரண்டு முறை வந்தார். முதல் முறை 1656-ல், தக்காணத்தின் ஆளுநராக, இளவரசராக இருந்தபோது. தந்தை ஷாஜகானின் உத்தரவால் அந்த முற்றுகை பாதியில் நின்றது. இரண்டாம் முறை 1687 தொடக்கத்தில், பேரரசராக.

அப்போது கோல்கொண்டாவை ஆண்டவர் அபுல் ஹசன் குதுப் ஷா. தானா ஷா என்று சொன்னால்தான் நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவருடைய மந்திரிகள் மாதண்ணா, அக்கண்ணா சகோதரர்கள். 1677-ல் சிவாஜி இங்கே வந்து தானா ஷாவோடு உடன்படிக்கை செய்துகொண்டுதான் தெற்கே போய்ச் செஞ்சியையும் வேலூரையும் பிடித்தார்.

ஆனால் பத்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1680-ல் சிவாஜி மறைந்தார். 1686-ல் மாதண்ணாவும் அக்கண்ணாவும் நகர வீதியில் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு பக்கத்து பீஜப்பூரும் முகலாயரிடம் வீழ்ந்தது. துணைகளை இழந்து தானா ஷா தனித்து நின்றார். சுன் ட்சூவின் தராசில் பார்த்தால், முற்றுகை தொடங்கும் முன்பே ஔரங்கசீப் பாதி வென்றுவிட்டார். அவர் யுத்த தந்திரம் தெரியாதவர் அல்லர் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று வழிகள்

திருக்குறளில் 'அரண்' என்றோர் அதிகாரம் உண்டு. ஒரு கோட்டையைப் பகைவர் பிடிக்கக்கூடிய மூன்று வழிகளை வள்ளுவர் அங்கே சுட்டுகிறார். சூழ்ந்து முற்றுகையிடுவது ஒன்று. முற்றுகையிடாமல் நேரே தாக்குவது மற்றொன்று. உள்ளே இருப்பவரை வஞ்சனையால் தம் பக்கம் இழுப்பது மூன்றாவது. இம்மூன்றாலும் பிடிக்க முடியாததே அரண் என்கிறார். உழிஞை, நொச்சி என்று முற்றுகைக்கும் மதில் காப்புக்கும் தனித்தனித் திணை வகுத்த இனமல்லவா நாம்? 1687-ல் கோல்கொண்டாவில் இம்மூன்று வழிகளுமே பார்க்கப்பட்டன.

முதலாவது, முற்றுகை. கோட்டையின் பீரங்கிகள் ஓயவேயில்லை. முகலாயத் தளபதி கிலிச் கானின் கையைக் குண்டு பிய்த்தெறிந்தது. அந்தக் காயத்தாலேயே அவர் இறந்தார். மழை பெருகி ஆறுகளில் வெள்ளம் வந்தது. வெளியிலிருந்து தானியம் வரவில்லை. பஞ்சமும் நோயும் பாளையத்துக்குள் புகுந்தன. கோட்டைக்குள் இருந்தவர்களைப் பட்டினி போட வந்தவர்களே பட்டினி கிடந்தார்கள். படை திரும்பிப் போவதானால் அதற்கு வேண்டிய தானியம்கூடத் தருவதாகத் தானா ஷா சொல்லியனுப்பினார் என்று அக்கால வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். கப்பம் கட்டவும் அவர் தயாராக இருந்தார். ஔரங்கசீப் இறங்கி வரவில்லை. தானா ஷாவோடு ரகசியமாகக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்ததாகச் சொல்லித் தம் மகன் முவாசமையே காவலில் வைத்தார்.

இரண்டாவது, நேர்த்தாக்குதல். மே மாதம் ஓர் இரவு தளபதி பிரோஸ் ஜங்கின் ஆட்கள் ஏணி வைத்துச் சத்தமின்றி மதிலேறினர். உச்சியை எட்டும் நேரத்தில் ஒரு நாய் குரைத்தது. காவலர் விழித்துக்கொண்டனர், ஏணிகள் சரிந்தன. மறுநாள் அந்த நாய்க்குத் தங்கச் சங்கிலி போட்டார்களாம்.

ஜூன் மாதம் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தனர். கோட்டைக்காரர்கள் உள்ளேயிருந்து எதிர்ச்சுரங்கம் தோண்டி, தங்கள் பக்கத்து மருந்தை எடுத்துவிட்டு, எஞ்சியதன் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். திரியைப் பற்ற வைத்தபோது வெடி முகலாயர் பக்கமே பாய்ந்து அவர்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. ரயில் பாதைக்காகப் பாறை வெட்டிய எவரும் இதன் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். வெடி எப்போதும் எளிய வழியையே தேடும். துளையை நன்றாக அடைக்காவிட்டால் பாறை பிளக்காது; வைத்தவன் முகத்துக்கே திரும்பி வரும்.

மூன்றாவது வழிதான் பலித்தது. கோட்டைத் தலைவர்களுக்குப் பொன்னும் பதவியும் ஆசை காட்டப்பட்டன. ஒருவர் பின் ஒருவராகப் பலர் வெளியேறினர். கடைசிவரை மசியாதவர் அப்துல் ரசாக் லாரி. வாயிலைக் காத்தவர்களில் ஒருவரான அப்துல்லா கான் பன்னி விலை போனார். 1687 செப்டம்பர் 21, விடியலுக்கு முந்திய இருட்டு. ஒரு சிறு திட்டிவாசல் உள்ளேயிருந்து திறந்தது. முகலாயப் படை நுழைந்தது. லாரி ஒருவர் மட்டும் ஒரு கை ஆட்களோடு எதிர்த்து நின்று, உடலில் எழுபது காயங்கள் பட்டு விழுந்தார் என்கிறார்கள். ஔரங்கசீப்பே வியந்து அவருக்கு வைத்தியம் பார்க்க ஆளனுப்பினார். தானா ஷா பதறாமல் உணவருந்திவிட்டுச் சரணடைந்தார். பின்னர் தௌலதாபாத் கோட்டையில் 'சீனி மஹால்' என்னும் சீன மாளிகையில் சிறையிருந்து அங்கேயே மறைந்தார். பெயரிலும் சீனா வந்து சேர்ந்ததைப் பாருங்கள்!

யானை முட்டாத கதவு செய்தவர்கள், மனிதன் திறக்காத கதவு செய்ய முடியவில்லை. ரயில்வேயில் நாங்கள் பாலத்தைப் பரிசோதிக்கும்போது மேலேயுள்ள கர்டரைவிட அதிகம் கவலைப்பட்டது அடியில் மண் அரிப்பைப் பற்றித்தான். கர்டர் கண்ணுக்குத் தெரியும். அரிப்பு தண்ணீருக்குள் நடக்கும். எத்தனை சிறந்த அரணும் அதற்குள் இருப்பவர் சிறந்தவராக இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்றுதான் வள்ளுவரும் அதிகாரத்தை முடிக்கிறார்.

வென்றது யார்?

இத்தோடு நின்றால், 'ஒற்றன் வலியவன்' என்று சொல்லிக் கட்டுரையை முடித்துவிடலாம். சுன் ட்சூவும் தம் கடைசி அதிகாரத்தை ஒற்றர்களுக்கே ஒதுக்கி, அவர்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். ஆனால் என் பேரனின் கேள்வி அதுவல்லவே. பீரங்கியெல்லாம் எதற்கு என்றான் அவன்.

பதிலைக் காண 1687-க்குப் பின் நடந்ததைப் பார்க்க வேண்டும். பீஜப்பூரும் கோல்கொண்டாவும் போனபின் தக்காணத்தில் முகலாயரை எதிர்க்க ஆளில்லை என்று தோன்றியது. உண்மையில் போர் அப்போதுதான் பரவியது. 1689-ல் சம்பாஜி கொல்லப்பட்டபின் அவர் தம்பி ராஜாராம் நம் செஞ்சிக் கோட்டைக்கு வந்து அமர்ந்தார். அதை முகலாயர் 1690 முதல் 1698 வரை, ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டனர். கோட்டை விழும் முன் ராஜாராம் தப்பிவிட்டார். 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் செஞ்சி, ஔரங்கசீப்புக்கு இன்னொரு வெறுங்கோட்டையாகவே கிடைத்தது.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. ஒரு கோட்டைக்குப் பின் இன்னொரு கோட்டை. 1707-ல் அகமத்நகரில் இறக்கும்வரை அவர் டில்லியைத் திரும்பப் பார்க்கவேயில்லை. அவர் மறைந்து 17 ஆண்டுகளில், 1724-ல், தக்காணம் டில்லியின் பிடியிலிருந்து நழுவி முதல் நிஜாமின் கைக்குப் போயிற்று. அந்த நிஜாம் யார்? கோல்கொண்டா மதிலில் ஏணி வைத்த பிரோஸ் ஜங்கின் மகன்; இங்கே குண்டடிபட்டு இறந்த கிலிச் கானின் பேரன்!

சூழ்ந்துகொண்ட எதிரிக்கு வெளியேற ஒரு வழி விட்டு வை என்கிறார் சுன் ட்சூ. வழியே இல்லாதவன் உயிரை வெறுத்துச் சண்டையிடுவான் என்பது பொருள். தானா ஷா கப்பம் கட்டுகிறேன் என்றபோது அந்த வழி திறந்தே இருந்தது. அதை அடைத்தவர் ஔரங்கசீப். கோட்டையைப் பிடித்தார், காலத்தையும் கஜானாவையும் இழந்தார்.

என் சொந்த முற்றுகை

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மாயவரம் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. அப்பா காலமானபின் எனக்கும் என் தம்பிக்கும் பாகம் பிரிந்தது. கொல்லைக் கிணற்றுக்குப் போகும் ஐந்தடி நடைபாதை என் பங்கில் வந்தது. அதைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்றான் தம்பி. பத்திரப்படி எனக்குரியது என்றேன் நான். கோர்ட்டுக்குப் போனோம். பதினோரு ஆண்டுகள்! லீவு போட்டு, பாஸ் எழுதி, செகந்திராபாத்திலிருந்து எத்தனை வாய்தாக்களுக்குப் போய்வந்தேன்! நடுவில் ஒருமுறை தம்பி ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினான்: "பாதை அண்ணன் பேரிலேயே இருக்கட்டும். நடக்க மட்டும் விடச் சொல்லுங்கள்." கேஸ் எனக்குச் சாதகமாகப் போய்க்கொண்டிருந்த நேரம். நான் மறுத்துவிட்டேன்.

2009-ல் தீர்ப்பு வந்தது. வென்றேன். ஒரே வாரத்தில் சுவர் எழுப்பினேன். இன்ஜினீயர் அல்லவா, அஸ்திவாரம் பலமாகவே போட்டேன். தம்பி மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. 2016-ல் தம்பி போய்விட்டான். கடைசியாக முகம் பார்க்கப் போனபோது அவன் மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. இன்று அந்தக் கிணறு தூர்ந்து கிடக்கிறது. பாதையில் நெருஞ்சி முளைத்திருக்கிறது. நடக்க யாருமில்லை. 'வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான்' என்று நம் ஊரில் சொல்வார்கள். சிறு வயதில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

ஐந்தடிப் பாதைக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று ஒரு எஸ்டிமேட் போட்டுப் பார்த்திருந்தால் நான் அந்த முற்றுகையைத் தொடங்கியே இருக்க மாட்டேன். ஆயிரம் எஸ்டிமேட் போட்டவன், இந்த ஒன்றைப் போடவில்லை. சுன் ட்சூவின் முதல் அதிகாரமே கணக்குப் பார்ப்பதைப் பற்றியதுதான். வள்ளுவரும் படையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை வைத்திருக்கிறார்.

அன்பர்களே, நம்மில் பலருக்கு ஊரில் ஒரு வீடோ, ஒரு துண்டு நிலமோ, அதையொட்டி ஒரு மனத்தாங்கலோ இருக்கிறது. பிழைக்க வெளியூர் வந்தவர்களுக்கு அது சற்றுக் கூடுதலாகவே இருக்கும். உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம், பத்திரமும் இருக்கலாம். கோட்டையைப் பிடிக்க முடியுமா என்று கேட்காதீர்கள். பிடித்தபின் அதில் யாரோடு வாழப்போகிறோம் என்று கேளுங்கள். எதிரே இருப்பவர் சமாதானத்துக்கு ஒரு கதவைத் திறந்தால், அதை மூடும் முன் ஒரு இரவு தூங்கி எழுந்து முடிவு செய்யுங்கள்.

பேரன் ஊருக்குப் போனபின் என் தம்பி மகனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சுவரில் ஒரு கதவு வைத்துக்கொள், செலவு என்னுடையது, தாழ்ப்பாள் உன் பக்கம் இருக்கட்டும் என்று எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே வரி. "பார்க்கலாம் பெரியப்பா."

பெரியப்பா என்று எழுதியிருக்கிறான். இப்போதைக்கு எனக்கு அது போதும்.